புலிபாய்ந்தகல்லில் புலி இல்லையாம்

சிறுத்தை வாழிட வரைபடம் தயாரிக்கும் ஐயாமார், அம்மாமாருக்கு,

வணக்கம். போன மாதம் மண்டபத்தில் நீங்கள் திரையில் காட்டிய படத்தைக் கடைசி வரிசையில் இருந்து நானும் பார்த்தேன். சபாரிக்குப் பேர்போன யால கடுஞ்சிவப்பு, வில்பத்து சிவப்பு. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக் குடும்பிமலை அடிவாரமும் மாதவணையும் வெளிறிப்போய்க் கிடந்தன. "பொருத்தம் குறைவு" என்றுவிட்டு அடுத்த படத்துக்குப் போனீர்கள். நாங்கள் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். புலிபாய்ந்தகல் என்று ஊருக்குப் பெயர் வைத்த எங்கள் மூத்தோர் பூனையைக் கண்டு பயந்திருப்பார்கள் போலும்.

கேட்பது ஒன்றுதான். அந்த வரைபடத்தை முடிவென்று அச்சடிக்க முன்னர், எங்கள் பக்கத்தில் ஒரு மாரியும் ஒரு கோடையும் கமெரா வைத்துப் பாருங்கள்.

போன கார்த்திகையில் பெரியப்பாவின் பட்டியில் ஒரு நாகு கன்று போனது. விடியப்புறம் பார்த்தால் தொண்டையில் பல் துளை, பற்றைக்குள் இழுத்த தடம், ஈர மண்ணில் நகக்குறி இல்லாத அடி. நாய் என்றால் நகம் பதிந்திருக்கும் என்பது மாடு மேய்க்கிற சின்னப் பொடியனுக்கும் தெரியும். மழை கரைத்துவிடும் என்று பெரியப்பா பால் காய்ச்சும் தாச்சியை அந்த அடியின் மேல் கவிழ்த்து, கல்லும் தூக்கி வைத்தார். சிக்னல் பிடிக்கும் இடத்துக்கு மூன்று கட்டை நடந்துபோய் அறிவித்தார். "போட்டோ இருக்கா, ஜிபிஎஸ் இருக்கா?" என்றது மறுமுனை. "தாச்சிக்குக் கீழ இருக்கு ஐயா, வந்து பாருங்க" என்றிருக்கிறார் மனிசன். இரண்டு நாள் பால் காய்ச்சாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தாச்சி தேவைப்பட்டது.

அந்த அடி உங்கள் கணக்கில் இல்லை. உங்கள் வரைபடத்தைப் போட்ட மெக்ஸ்என்ட் மென்பொருளை, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நானும் கொஞ்சம் துழாவியிருக்கிறேன். சிறுத்தை கண்ட புள்ளிகளை வாங்கி, அங்குள்ள காட்டடர்த்தி, நீர், சரிவு, வீதித் தூரம் எல்லாவற்றையும் மற்ற இடங்களோடு ஒப்பிட்டு, இதைப்போல் வேறெங்கே என்று அது தேடும். புள்ளிகள் சபாரி ஜீப் ஓடும் தடத்திலேயே குவிந்திருந்தால் அது படிப்பது சிறுத்தையையா, ஜீப்பையா? ஏயூசி, அதாவது கணிப்பு எவ்வளவு சரி என்பதற்கான மார்க்ஸ், ஒன்றுக்கு 0.9 என்று பெருமைப்பட்டீர்கள். அப்படி ஒரு பக்கம் சாய்ந்த புள்ளிகளில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்து அதிலேயே சோதித்தால் நல்ல மார்க்ஸ்தான் வரும். வினாத்தாள் எடுத்தவரே விடையும் எழுதினால் குறையுமா?

யுத்தம் முடிந்த 2009 வரை இந்தக் காட்டுக்குள் யார் கமெராவோடு வந்தது? அந்தக் காலத்தில் "புலியைக் கண்டேன்" என்று எங்கள் ஆட்கள் வாய் திறந்திருந்தால் விசாரணையே வேறு மாதிரிப் போயிருக்கும். ஆள் போகாத இடத்தை மிருகம் இல்லாத இடமென்று நிறம் தீட்டாதீர்கள்.

2020இல் நல்லதண்ணியில் கம்பிக் கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை செத்தபோது நாடே கவலைப்பட்டது. எங்கள் பக்கத்தில் பன்றிக்கு வைத்த கண்ணியில் ஒன்று செத்தால், வரைபடத்தின்படி அது அங்கே வாழ்ந்ததே இல்லை. ஒப்பாரி வைக்கவும் ஆதாரம் கேட்பீர்கள்.

சிவப்பு விழுந்தால் மாட்டை எழுப்புவார்கள், வெளிறினால் காட்டை வெட்டிச் சோளம் போடுவார்கள் என்ற பயமும் பண்ணையாளர்களுக்கு உண்டு. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் குந்தியவர்கள் அவர்கள். அதனால்தான் பாதிப் பேர் அடியைக் கண்டாலும் சொல்வதில்லை. கன்றும் போய் மேய்ச்சற்தரையும் போவதா? வீதி என்று ஒன்று இருக்கிறது, பெருமழைக்கு அதுவும் தண்ணிக்குக் கீழே. அதை உங்களிடம் சொல்லி என்ன, அது வேறு திணைக்களம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். தயவுசெய்து கமெரா வையுங்கள். எங்கே கட்டுவது என்று பட்டிக்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் அடிகளையும் இழந்த கன்றுகளையும், சரிபார்த்த பிறகாவது, புள்ளிகளாகச் சேருங்கள். மாசியில் வந்தால் வீதி காய்ந்திருக்கும். உழவு இயந்திரம் நான் பிடித்துத் தருகிறேன். பெரியப்பா தாச்சியோடு பட்டியில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
கிரானிலிருந்து ஒரு மாட்டுக்காரக் குடும்பத்துப் பிள்ளை