14 நாள் ஜிங்க் மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. போன மாசம் ஒன்றரை வயசு பேத்திக்கு வயித்தால போச்சு, பாலை நிறுத்துன்னு நான் மககிட்ட சொல்லிட்டிருந்தப்ப எங்க ஊர் நர்ஸம்மா வந்தாங்க. பேதிக்கு குடுக்குற ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரை பொடிய டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா கொட்டி கலக்குறத பாத்து பதறிட்டாங்க, முழு பாக்கெட்டையும் 1 லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில மொத்தமா கலக்கணும், 24 மணி நேரம் ஆனா மீதிய கொட்டிடணும்னு பாட்டிலை வாங்கி கலந்தே காட்டினாங்க, தாய்ப்பாலயும் நிறுத்தக்கூடாதுன்னாங்க. 20 மில்லிகிராம் ஜிங்க் (துத்தநாகச் சத்து) மாத்திரைய ஸ்பூன்ல கரைச்சு ஊட்டிவிட்டு, பேதி நின்னாலும் 14 நாளும் குடுங்க, அடுத்த 2, 3 மாசம் திரும்ப வர்றது குறையும்னு சொன்னாங்க. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆராய்ச்சிகள வச்சு 2004லயே ஜிங்க் குடுக்கச் சொல்லியாச்சு, ஆனா இன்னும் பல மெடிக்கல்ல சாதாரண பேதிக்கும் ஆன்டிபயாடிக்தான் முதல்ல நீட்டுறாங்க, ரத்தம் கலந்து போனா டாக்டர்கிட்ட போகணும், அது வேற விஷயம். இப்படி பக்கத்துல உக்காந்து செஞ்சு காட்டுற நர்ஸுங்களுக்கு ரிஜிஸ்டர் எழுதவும் போன்ல பதிவு ஏத்தவுமே பாதி நாள் போகுது. அந்த வேலைக்கு தனி ஆள் போடுங்க, வருஷா வருஷம் புது பயிற்சியும் குடுங்க.

ஒரு பாட்டி, தருமபுரி மாவட்டம்