போர் எதிர்ப்பாளர்களின் பட்டறிவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2003 பிப்ரவரி 15 அன்று உலகெங்கும் லட்சக்கணக்கானோர் போரை எதிர்த்து வீதியில் இறங்கியும் மறுமாதமே ஈராக் மீது குண்டு விழுந்ததைச் சுட்டி, ஊர்வலத்தால் என்ன பயன் என்று இன்றைய இளைஞர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். 1965-லேயே பெரும் ஊர்வலங்கள் நடந்தும் வியட்நாமிலிருந்து அமெரிக்கப் படை வெளியேற 1973 ஆயிற்று என்பதை அறிந்த மூத்த தொழிற்சங்கத் தோழர்கள் வடசென்னையில் இன்னும் இருக்கிறார்கள். தெருமுனைக் கூட்டத்தில் முதலில் மண்ணெண்ணெய் விலையைப் பேசி, பிறகே போரைப் பேசும் அவர்களது முறையும், மைதாப் பசை காய்ச்சி விடியுமுன் சுவரொட்டி ஒட்டிய உழைப்பும், கருத்து மாறுபட்டவரையும் உடன் வைத்துக்கொண்ட பொறுமையும் (இதுவே அரிது என்பேன்) எழுத்தில் பதிவாகவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனின் குண்டுகளால் துறைமுக எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த இப்பகுதியில், ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாளையொட்டியாவது கிளை நூலகங்கள் இவர்களை மாணவர்களோடு உரையாட அழைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், இராயபுரம், சென்னை-13