அந்த 72 பேரும் சிறுவர்கள்

பி.எட். உளவியல் தாளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு வணக்கம்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போய் வந்த மாணவி ஒருவரின் பதிவேட்டைச் சென்ற பருவத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். மனைவியைக் காப்பாற்றும் மருந்தை வாங்கப் பணம் போதாத ஹெய்ன்ஸ் அதைத் திருடலாமா என்ற பழைய கேள்விக்கு, ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 'கடைக்காரரிடம் கடன் சொல்லிப் பார்க்கலாமே. இவர் ஜெயிலுக்குப் போய்விட்டால் அந்த அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். அதன் ஓரத்தில் சிவப்பு மையில், 'மூன்றாம் நிலை, வளர்ச்சி போதாது' என்று குறித்திருந்தது. குறித்த மாணவியை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியைக் கொண்டு ஒழுக்கச் சிந்தனையை அளந்த அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க், தண்டனைக்கு அஞ்சுவதில் தொடங்கிப் பொதுவான நீதிக் கொள்கைகளில் முடியும் ஆறு ஒழுக்க வளர்ச்சி நிலைகளை வகுத்தார்; அவற்றை நாம் கற்றுக்கொடுத்தபடியே அவர் அளந்திருக்கிறார்.

1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகக் கோல்பெர்க் நேர்கண்ட 72 பேரும் 10, 13, 16 வயதுச் சிறுவர்கள் என்பதையும், அவர்களுடைய பதில்களிலிருந்து பிறந்த அளவுகோலே பிறகு பெண்களுக்கும் வைக்கப்பட்டது என்பதையும் நம் வகுப்புகளில் சொல்வதில்லை. 1982இல் உளவியலாளர் கரோல் கில்லிகன் இதைச் சுட்டிக்காட்டியபோது, 11 வயதான ஜேக், எமி என்ற இருவரின் பதில்களை அருகருகே வைத்தார். பணத்தைவிட உயிர் பெரிது, திருடலாம் என்றான் ஜேக். கடன் வாங்கலாம், வேறு வழி தேடலாம், அவர் சிறைக்குப் போனால் மனைவியின் நோய் முற்றக்கூடும் என்றாள் எமி. அளவுகோல் அவளை ஜேக்கைவிட ஒரு முழு நிலை கீழே நிறுத்தியது. நம் ஏழாம் வகுப்புச் சிறுமியின் பதிலும் ஏறக்குறைய எமியின் பதில்தான்.

நீதியை முன்வைக்கும் குரல் பெரும்பாலும் ஆண்களிடமும், பரிவை முன்வைக்கும் குரல் பெரும்பாலும் பெண்களிடமும் கேட்பதாகச் சொன்ன கில்லிகனை மட்டும் சேர்த்துவிட்டால் போதும் என்று கேட்கவில்லை. 1984இல் உளவியலாளர் லாரன்ஸ் வாக்கர், கோல்பெர்க்கின் நிலைகளைக் கொண்டு அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரும்பாலானவற்றில் ஆண் பெண் வேறுபாடே தென்படவில்லை என்று காட்டினார். ஆணுக்கு நீதி, பெண்ணுக்குப் பரிவு என்று பிரித்துக் கொடுப்பது நம் வீடுகளில் ஏற்கெனவே நடப்பதுதான். அதற்குப் பாடநூலின் சான்றிதழும் வேண்டுமா?

'ஆறு நிலைகளை விவரி' என்ற வினாவுக்கு மனப்பாடமாக எழுதித் தேறும் ஒருவர், பின்னர் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, சட்டம் பேசும் பையனைத் தெளிவானவன் என்றும் சூழ்நிலையைக் கேட்கும் பெண்ணைக் குழம்பியவள் என்றும் எடைபோடக்கூடும். ஆகவே அடுத்த திருத்தத்தில், ஒவ்வொரு கோட்பாட்டின் கீழும் அது யாரை, எத்தனை பேரை, எங்கே ஆய்ந்து எழுந்தது என்பதைச் சேர்க்குமாறும், கில்லிகன், வாக்கர் இருவரின் வாதங்களையும் தேர்வுக்குரிய பகுதியாக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்வியியல் கல்லூரி ஆசிரியை ஒருவர்