ஆண்டுக்கு ஒரு நாள் எல்லோரும் ஒரே மேசையில்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு கோரிக்கைதான். ஆண்டுதோறும் நவம்பரில் போக்குவரத்துக்கென்று மட்டும் ஒரு மக்கள் கூட்டம் நடத்துங்கள்.

திங்கட்கிழமை மனு நாள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் தனித்தனியே குறைதீர் கூட்டங்களும் நடக்கின்றன. பஸ்ஸையும் ரயிலையும் நம்பி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அப்படி ஒன்று இல்லை. அவர்களுடைய மனு ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்ற வரியோடு அடங்கிவிடுகிறது.

உரிய துறை எது என்பதில்தான் சிக்கலே. மார்த்தாண்டம் பக்கத்து ஆள் ஒருவர் குழித்துறை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறார். பஸ் ஸ்டாண்டு நடந்துபோகிற தூரத்தில் இல்லை. ரயில் வரும் நேரத்துக்கு பஸ் வேண்டுமென்று யாரிடம் கேட்பது? ரயில், திருவனந்தபுரம் கோட்டத்தின் பொறுப்பு. மாவட்டம் 1956-லேயே தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, 1979-ல் வந்த ரயில்பாதையின் நிர்வாகம் இன்னும் அந்தப் பக்கம்தான். (மதுரைக் கோட்டத்துக்கு மாற்றும் வாதத்தை இங்கே இழுக்கவில்லை, அதற்குத் தனி மடல் வேண்டும்.) பஸ், அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம். மினி பஸ் பெர்மிட்டுக்கு வேறு அலுவலகம். சாலையில் ஒரு துண்டு மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு, இன்னொரு துண்டு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு. இத்தனை பேரையும் ஒரு மேசைக்குக் கூப்பிட மாவட்டத்தில் உங்களை விட்டால் ஆளில்லை.

நவம்பர் ஏனென்றால், நவம்பர் 1 மாவட்டம் இணைந்த நாள். உள்ளாட்சி நாளாகவும் இருப்பதால் அன்று கிராமசபை கூடும். கடைசி பஸ் நின்றுபோனது, டிரிப் கட் ஆனது பற்றி ஊரார் போடும் தீர்மானங்கள் சூடு ஆறுமுன் இந்தக் கூட்டத்துக்கு வந்துவிடும். பிப்ரவரியில் மத்திய பட்ஜெட், அப்புறம் மாநில பட்ஜெட். கேட்க வேண்டியதைக் கேட்கவும் அவகாசம் இருக்கும்.

முதல் வேலையாகப் போன ஆண்டுக் கோரிக்கைகளை வாசியுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று அந்தந்தத் துறை அதிகாரியே சொல்லட்டும். இது இல்லாவிட்டால் பொன்னாடை போர்த்துவதிலேயே பொழுது போய்விடும். நாலுவழிச்சாலை மண் கிடைக்காமல் முடங்கிக் கிடந்தபோது ஊருக்கு ஒரு கதை ஓடியது. பொறியாளர் ஒருவர் ஆண்டுக்கொரு தடவை எழுந்து நின்று விவரம் சொல்லியிருந்தால் பாதிக் கதை ஓடியிருக்காது.

பேச்சைச் சங்கத் தலைவர்களிடமிருந்து தொடங்க வேண்டாம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது பெரிய செய்தியானது. முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சரி, மீன் பாத்திரத்தோடு ஏறும் பெண்களுக்கு எந்த ஸ்டாப்பில், எத்தனை மணிக்கு பஸ் வேண்டும்? அதை அவர்கள் வாயால் கேளுங்கள். இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களையும் கேளுங்கள்.

கூட்டத்தை நாகர்கோவிலில் வைப்பதானால் மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆறுகாணி, பேச்சிப்பாறை ஆட்கள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
மாவட்டத்துப் பயணி ஒருவர்