நீல ஊருக்கு வந்த பையன்

லெக்சிங்டன், கென்டக்கி
18.11.2009

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பள்ளிப் படிப்பை முடித்த ஜான் வால் என்ற கூடைப்பந்தாட்டப் பையன் எந்தக் கல்லூரியில் சேர்கிறான் என்பது ஒரு மாநிலத்துக்கே எப்படிச் செய்தியாகும் என்று கேட்டிருந்தாய். அவன் ஆடுவதை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் பதிலைத் தள்ளிப்போட்டேன்.

இந்த மாநிலத்துக்கென்று என்.பி.ஏ. எனும் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடும் அணி கிடையாது, இருக்கிற பாசம் முழுவதும் கென்டக்கிப் பல்கலைக்கழக அணியின் நீலச் சட்டைக்குத்தான். ஏழு முறை தேசியப் பட்டம் வென்ற அந்த அணி, ஒரே ஆட்டத்தில் 54 புள்ளிகள் குவித்த ஜோடி மீக்ஸ் இருந்தும், சென்ற பருவத்தில் 14 ஆட்டங்களில் தோற்று, 1991க்குப் பிறகு முதன்முறையாகக் கல்லூரிகளின் தேசியப் போட்டிக்குள் நுழைய முடியாமல் போயிற்று. அந்த மாதங்களில் இவ்வூர்க்காரர்கள் துக்க வீட்டில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். ஏப்ரலில் மெம்பிஸ் பல்கலைக்கழக அணியிலிருந்து ஜான் கலிபாரி பயிற்சியாளராக வந்தார். மே 19 அன்று, வட கரோலினாவின் ராலே நகரத்துப் பையன் ஜான் வால், வீட்டுக்கு அருகிலேயே டியூக் பல்கலைக்கழகம் காத்திருந்தும், கென்டக்கிக்கு வருவதாக அறிவித்தான்.

கலிபாரியின் ஆட்டமுறைக்கு, பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துகிற ‘பாயின்ட் கார்டு’தான் அச்சாணி. பந்தைத் தட்டிக்கொண்டே எதிரணியின் காவலைப் பிளந்து கூடைக்கடியில் புகுந்து, தானே போடுவதா, மூலையில் நிற்பவனுக்குக் கொடுப்பதா என்பதை இமைப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். மெம்பிஸில் டெரிக் ரோஸும் டைரீக் எவன்ஸும் செய்த வேலை அதுதான். ஆனால் இருவரும் ஓராண்டுதான் இருந்தார்கள். பள்ளி முடித்து ஓராண்டு ஆகாமல் என்.பி.ஏ.வுக்குள் போகக் கூடாது என்ற விதி வந்ததிலிருந்து, கல்லூரி இத்தகையவர்களுக்கு வழியிலுள்ள சத்திரமாகிவிட்டது.

என் அண்டைவீட்டுப் பெரியவர் இதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நாற்பது ஆண்டு ரசிகரான அவருக்கு, நான்கு வருடம் இருந்து படித்து வளர்கிற ஆட்டக்காரன்தான் நம் பையன். வால் வாடகைக்கு வந்தவன். ஆகஸ்டில், கலிபாரி முன்பு பயிற்சியளித்த மெம்பிஸின் 2007-08 பருவ வெற்றிகள் ரத்தானபோது அவர் முகத்தில் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்ற களை. வாலின் பழைய பயிற்சியாளர் ஒருவர் ஆட்டக்காரர்களின் முகவராகப் பதிந்திருந்த காரணத்தால், அவன் இரண்டு ஆட்டங்கள் உட்கார வேண்டும் என்று தீர்ப்பு வந்தபோதும் அதே களை. இளைஞர்களுக்கோ இது எதுவும் காதில் ஏறவில்லை. அக்டோபரில் பருவத் தொடக்க விழாவில் அவன் ஒரு கையை மடக்கி உயர்த்தி முஷ்டியைத் திருப்பி ஆடினான். மறுநாளே கடைத்தெருவில் சிறுவர்கள் அதை ஆடினார்கள். அவன் அதுவரை ஒரு கூடை போட்டிருக்கவில்லை! எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

முந்தாநாள் பெரியவர் வீட்டுத் தொலைக்காட்சியில் அவனுடைய முதல் ஆட்டத்தைப் பார்த்தேன். ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழக அணியிடம் முற்பாதியில் பெரிதும் பின்தங்கி, எட்டிப் பிடித்து, கடைசி நொடிகளில் 70-70 என்று நின்றது. பயிற்சியாளர் இடைவேளை கேட்கவில்லை. வால் பந்தோடு ஓடி, சட்டென்று நின்று எழும்பி எறிந்தான். 72-70, மிச்சம் அரை நொடி. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார், கைதட்டவில்லை. வெகுநேரம் கழித்து, “ஜூன் மாதத்தில் என்.பி.ஏ.வுக்குப் போய்விடுவான்” என்றார். முன்பு அதைக் குற்றமாகச் சொன்னவர், இப்போது மனக்குறையாகச் சொன்னார்.

அடுத்த ஆட்டத்துக்கு என்னையும் நம் அணியின் சொந்தக் களமான ரப் அரங்குக்கு அழைத்திருக்கிறார். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்