பல்லைப் பிடுங்க முதல் ஒரு கேள்வி கேளுங்கள்

கொழும்பில் பல் வைத்தியம் பார்க்கும் எல்லா வைத்தியர்களுக்கும் வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு பாடம், வாயை மூடிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. மூன்று வருஷத்துக்கு முதல் ஒரு காலையில் ரோஸ்ட் பாணின் கரையைக் கடித்தபோது வலது காதுக்கு முன்னால் 'டக்' என்றது. அன்று தொடங்கிய நோ. கொட்டாவி விட்டாலும் நோ, அ, ஆ சொல்லிக் கொடுத்தாலும் நோ. சில நாட்களில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும்.

காதுக்குக் காட்டினேன், காதில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு தனியார் பல் கிளினிக். எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கடைவாய்ப் பல்லில் நரம்பு எடுத்தார்கள். நோ நிற்கவில்லை என்றதும் அந்தப் பல்லையே பிடுங்கினார்கள். குழி ஆறிவிட்டது. நோ மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நல்ல பல் ஒன்று வீணாகப் போனதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பிறகு வேறோர் இடத்தில் இளம் பெண் வைத்தியர் ஒருவர், என் இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடச் சொன்னார். "இது பல் இல்லை, தாடை மூட்டு" என்றார். அடுத்து, "மாதவிடாய் கிட்ட வரும்போது கூடுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்து குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் மாதவிடாய் நாட்களுக்கு வட்டமும் நோ கூடின நாட்களுக்குப் புள்ளடியும் போடத் தொடங்கினேன். நான்கு மாதம் போட்டேன். அநேகமான புள்ளடிகள் வட்டத்துக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களிலும் வட்டத்துக்குள்ளும்தான் விழுந்திருந்தன.

இது என் ஒருத்தியின் கதை இல்லை என்பது வாசித்த பிறகுதான் விளங்கியது. இந்த மூட்டு நோ பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. வைத்தியம் தேடி வருகிறவர்களை எடுத்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. அதுவும் கூடுதலாக 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில். மாதவிடாய் நின்ற பிறகு குறைகிறது. அமெரிக்காவில் லிண்டா லெரெஷ் என்ற ஆய்வாளரின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோனை மருந்தாக எடுத்த பெண்கள் இந்த நோவுக்கு வைத்தியம் தேடும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுத்தவர்களிடம் சுமார் 20 சதவீதம் கூடுதல். அதே குழு 2003இல், நோ மாதவிடாயை ஒட்டி உச்சத்துக்குப் போவதையும் சுழற்சியின் நடுவில் இன்னொரு தடவை சற்று ஏறுவதையும் காட்டியது.

அதற்காக ஓமோன் கூடினால் நோ கூடும் என்று சொல்லிவிடவும் முடியாது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிக உயர்ந்து நிற்கும், ஆனால் கடைசி மாதங்களில் பல பெண்களுக்கு இந்த நோ தணிந்து, பிள்ளை பிறந்த பிறகு திரும்பி வருகிறது. அளவைவிட, அது சட்டென்று இறங்குவதுதான் உடலைக் குழப்புகிறதோ என்று எண்ண வைக்கிறது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில், தாடை மூட்டிலும் முகத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்புக் கலங்களிலும் ஈஸ்ட்ரோஜன் வந்து பற்றும் இடங்கள் காணப்பட்டுள்ளன.

உங்களிடம் நான் கேட்பது பெரிய மெஷினும் இல்லை, புது மருந்தும் இல்லை. தாடை நோவோடு ஒரு பெண் வந்தால் மாதவிடாய் எப்போது, மாத்திரை ஏதும் எடுக்கிறாவா, மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேளுங்கள். கேட்டு முடியும் வரை பல்லில் கை வைக்காதீர்கள்.

கேட்பதோடு இன்னொன்றும் இருக்கிறது. "ஓமோன் பிரச்சினைதான், போங்கோ" என்று அனுப்பிவிடாதீர்கள். பல்லைக் கடிப்பது, நித்திரைக் குறைவு, மனஅழுத்தம் எல்லாம் இதில் சேரும். எனக்குச் சூட்டு ஒத்தடமும், மெதுவான சாப்பாடும், தாடைப் பயிற்சியும், இந்த நாட்களில் நோ வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததுமே பாதி நிம்மதி தந்தன. பெண்களும் கேள்வியைக் கேட்டதும் பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடாமல் இருக்க, அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எங்கள் பெண்கள் பலர், அதிலும் சிங்களத்தில் சரளமாகக் கதைக்க வராதவர்கள், ஆண் வைத்தியர் முன்னால் மாதவிடாயைப் பற்றித் தாங்களாக வாய் திறக்கமாட்டார்கள். ஆகவே அந்தக் கேள்வியை நோயாளர் அட்டையிலேயே மூன்று மொழியிலும் அச்சிடுங்கள், கோடு போட்டுக் காட்டினால் போதும் என்ற மாதிரி. தமிழ் வரியை நான் எழுதித் தருகிறேன். எந்த நாள் என்று சொல்லுங்கள், பள்ளிக்கூடம் விட்டதும் வருகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை