அன்னபூரணிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கப்பல் கிறுக்குப் பிடித்த நண்பர்களே, அண்ணாச்சிமாரே,

மேசை மேல் நான் கட்டிவந்த அன்னபூரணியின், அந்த மாதிரிக் கப்பலின், வேலை முடிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால், யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எழுதிவிட நினைக்கிறேன். இல்லாவிட்டால், பார்க்க வருகிறவர்கள் "எல்லாம் நீங்களே செஞ்சதா?" என்று கேட்கும்போது நானும் கூசாமல் தலையாட்டிவிடுவேன்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. அன்னபூரணி இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. நீளம் 89 அடி. அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48-இல் ஒரு பங்கு என்று வைத்ததால் என் மேசையில் 22 அங்குலம் சொச்சம். பிரிட்டிஷ் கடற்படை தன் மாதிரிக் கப்பல்களுக்கு வைத்திருந்த பழைய கணக்கும் அதுதான்.

முதல் நன்றி, தூத்துக்குடியில் தோணி வேலை பார்த்த மேஸ்திரி அண்ணாச்சிக்கு. வல்வெட்டித்துறைக் கப்பல் வேம்பில் கட்டியது என்பதால் மாதிரிக்கும் வேம்புதான் என்று பிடிவாதமாக இருந்தேன். அவர் ஒரு வேப்பஞ் சில்லை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "கப்பலைச் சுருக்கலாம், ரேகையைச் சுருக்க முடியுமா?" என்றார். பெரிய பலகையில் அழகாக ஓடுகிற ரேகை, ஆறு மில்லிமீட்டர் பட்டையில் விகாரமாகத் தெரியும். வெட்பாலையை எடுக்கச் சொன்னார். கர்நாடகத்தில் இருக்கும் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடையும் அதே மரம்தான். ரேகை கண்ணுக்கே படாது, கத்திக்கும் இணங்கும். அறுத்துத் தந்ததற்குக் கூலியும் வாங்கவில்லை. அண்ணாச்சி, அந்தக் கணக்கு இன்னும் நிற்கிறது.

பலகை ஒட்டுவதுதான் இந்த வேலையில் ஆளைத் தின்பது. கோயம்புத்தூரில் வரைபடக்காரராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர், ஃபோனிலேயே அதைப் பாடமாக நடத்தினார். கப்பலுக்கு அடியில் முதுகெலும்பாக ஓடும் ஏராக்கட்டையிலிருந்து மேல்தட்டு விளிம்பு வரை, விலா எலும்பு மாதிரி நிற்கும் ஒவ்வொரு வங்கின் மேலும் காகிதப் பட்டையை வளைத்து அளக்க வேண்டும். என் கப்பலின் நடுவில் 96 மில்லிமீட்டர், முன்பக்கமான அணியத்தில் 60. ஆறு மில்லிமீட்டர்ப் பலகை நடுவில் பதினாறு பிடிக்கும். அதே பதினாறும் அணியத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஒவ்வொன்றையும் 3.75 மில்லிமீட்டருக்குச் சீவ வேண்டும். அகலத்தில் பாதிக்குக் கீழே போனால் நுனி ஊசியாகிவிடும், அங்கே ஒரு பலகையை இடையிலேயே நிறுத்திவிடுவது நல்லது என்றார். என்னுடையது பாதிக்கு மேலேயே நின்றது, பிழைத்தேன். வங்குகளைத் தேய்க்கும்போது மெல்லிய பட்டையொன்றை நீளவாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே தேய்க்கச் சொன்னதும் அவரே. எந்த வங்கு துருத்துகிறது, எது தொடாமல் நிற்கிறது என்பதை அந்தப் பட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபெவிக்விக்கைப் பூட்டி வைக்கச் சொன்ன மதுரைத் தம்பிக்கும் நன்றி. அது வழிந்த இடத்தில் அப்புறம் சாயம் ஏறாது, வெள்ளை பூத்தும் போகும். ஃபெவிகால் காயும் வரை துணிக் கிளிப்பைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

தேய்ந்த துளையூசிகளையும் வளைமூக்கு இடுக்கியையும் கொடுத்த பல் டாக்டருக்கு என்ன கைம்மாறு செய்வது? பாய்மரத்தைப் பிடிக்கிற கயிறுகளை இறுக்கிக் கட்ட, மூன்று கண் கொண்ட சின்னக் கட்டைகள் உண்டு; அவை அத்தனையும் அவர் தந்த ஊசியில் துளைத்தவைதான்.

கயிற்று வேலைக்கு வந்ததும் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். நூலுக்குத் தேன்மெழுகு தடவியே தீர வேண்டும் என்று ஒரு கட்சி, தூசி அப்பிக்கொள்ளும் என்று மறு கட்சி. நான் பேருக்குக் கொஞ்சம் தடவி இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கயிறுகள் தார் பூசியவை, அதனால் கறுப்பு. பாயை ஏற்றி இறக்குகிறவை வெளிர் நிறம். இதில் மட்டும் யாருக்கும் சண்டையில்லை. ஏணிக்கயிற்றுக்கு ஏழு மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்ட அட்டையைப் பின்னால் சொருகி, கோட்டைப் பார்த்து முடிச்சுப் போடும் உபாயம் மதினியுடையது. தையல்காரர் கண் தப்பாது. முடிச்சை இறுக்கி இழுத்தால் பக்கத்துக் கயிறுகள் உள்ளே வளைந்து இடுப்புச் சிறுத்துவிடும் என்று முதலில் கண்டுபிடித்ததும் மதினிதான்.

கடைசியாக, கனடாவில் இருக்கும் வல்வெட்டித்துறை ஐயாவுக்கு. முழு வரைபடம் கிடைக்காமல், பழைய படங்களை வைத்துக்கொண்டே கட்டினேன். படத்தில் தெரியாத இடங்களில், மேல்தட்டில் குறிப்பாக, பிற கப்பல்களைப் பார்த்து எதையாவது வைத்து நிரப்பும் ஆசை எனக்கு. ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வடிவாத்தான் இருக்கும் தம்பி. ஆனா தெரியாததை வைக்காதேங்கோ. நாளைக்கு ஒரு பிள்ளை பாத்திட்டு, இப்பிடித்தான் இருந்ததெண்டு நம்பிவிடும்." அவர் சொன்னபடியே விட்டுவிட்டேன். மேல்தட்டின் பின்பாதி வெறுமையாகத்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் பாதியில் நிறுத்திவிட்டதாக நினைத்தால் நினைக்கட்டும். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

வெட்பாலைப் பட்டைகள் இன்னும் ஒரு கட்டு மிச்சம் இருக்கின்றன. முதல் கப்பல் தொடங்குகிறவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். கூடவே அந்தக் காகிதப் பட்டைகளையும் வைக்கிறேன். என் அளவு உங்களுக்கு உதவாது, அளக்கும் விதம் புரியும்.